எட்டாம் வகுப்புக்கு நான் போட்ட மார்க்குகள்

தமிழ்ப் பேப்பர் திருத்தும் வேலைக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். மை தீராத சிவப்புப் பேனா ஒன்று இருந்தால் போதும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

இதைப் படிக்கிற நீங்கள் ஒன்று பேப்பர் திருத்தியவராக இருப்பீர்கள், இல்லை, திருத்தப்பட்டவராக இருப்பீர்கள். இரண்டு கட்சிக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எனக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்ததும் இனிமேல் படிக்க மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு, விருத்தாசலத்தில் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியில் பத்து மாதம் தமிழ் மிஸ்ஸாக இருந்தேன். பெரிய மனுஷி மாதிரி அறிவுரை சொல்ல வரவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன். பல இடத்தில் நானே அசிங்கமாகத்தான் இருப்பேன், பரவாயில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சையில் ஒரு பாடத்தில் பெயிலானாலும் கையில் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பத்தாவது ரிசல்ட் நூற்றுக்கு நூறு வர வேண்டும் என்பதற்காக இரண்டு வருஷம் முன்னாலேயே களையெடுப்பு. பாஸ் மார்க் முப்பத்தைந்து. சுகன்யா என்ற பெண்ணுக்கு நான் தமிழில் முப்பத்திரண்டு போட்டேன்.

ஆள் எடுத்த விதம்

எச்.எம். மேடம் என் மார்க் ஷீட்டை வாங்கி, படிக்காமலே மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். "ஒரு கட்டு பேப்பர எத்தினி நாள்ல திருத்துவ?" என்றார். நான் யோசித்து, நன்றாகப் படித்துத் திருத்தினால் ஒரு வாரம் ஆகும் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளார்க் அண்ணன் சிரித்துவிட்டார். இரண்டு நாள்தான் கிடைக்கும் என்று மேடம் சொன்னார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. நாளைக்கே வந்துவிடு என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மார்ச் மாதம் வரைக்கும் நானே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். பி.எட். எல்லாம் வேண்டாமா மேடம் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். அவர் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் அதெல்லாம் பாத்துத்தாம்மா எடுக்கறோம். தமிழுக்கு எதுக்கு? அதான் எல்லாருக்கும் தெரியுமே."

வேற மழை

காலாண்டுப் பரீட்சையில் 'மழையின் பயன்கள்' என்று கட்டுரை. பத்து மார்க். நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் நோட்ஸில் இருந்ததை எழுதியிருந்தார்கள். சுகன்யா மட்டும் வேறு மாதிரி. மழை பெய்தால் அச்சிலிருந்து எடுத்த மண் சாமான் காயாது, காயாவிட்டால் சூளைக்கு ஏற்ற முடியாது, அதனால் செராமிக் கம்பெனியில் அம்மாவுக்கு வேலை கிடையாது, அம்மா வீட்டில் இருந்தால் காலையிலிருந்து தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பார், ஆகவே மழையின் பயன்களில் தனக்குத் தெரிந்தது திட்டு ஒன்றுதான் என்று முடித்திருந்தாள். பஸ்ஸில் வைத்துப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். ஒன்பது போட்டேன்.

ஒன்பதாவது, பத்தாவதுக்குத் தமிழ் எடுக்கிற ராணி மிஸ்தான் எனக்கு மேலதிகாரி மாதிரி. பதினாறு வருஷ சர்வீஸ். என் கட்டிலிருந்து அந்தப் பேப்பரை உருவி, ஒன்பதை அடித்து மூன்று என்று எழுதினார். மொத்தம் முப்பத்துநாலுக்கு இறங்கியது. படித்துப் பாருங்க மிஸ், நல்லா எழுதியிருக்கிறாள் என்று நான் கெஞ்சினேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "மழை நல்லதுன்னுதாம்மா நோட்ஸ்ல இருக்குது. இந்தப் பொண்ணு வேற மழைய எழுதியிருக்குது" என்றார்.

மார்க் முதலில், பேப்பர் அப்புறம்

அதே வாரம் ராணி மிஸ் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். பேப்பர் கட்டுக்குப் பக்கத்தில் போன பரீட்சை மார்க் ரிஜிஸ்டரை விரித்து வைக்க வேண்டும். போன தடவை ஒரு பையன் அறுபது வாங்கியிருந்தால், இந்தத் தடவை ஐம்பத்தெட்டிலிருந்து அறுபத்துமூன்றுக்குள் ஒரு எண்ணை முதலில் பேப்பரின் மேலே எழுதிவிட வேண்டும். பிறகு உள்ளே திறந்து, அந்த எண் வருகிற மாதிரி டிக் போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசியில் கூட்டினால் சரியாக இருக்கும். கூடக் குறைய வந்தால் கட்டுரையில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அதற்குத்தான் கட்டுரை.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் என் கண் முன்னால் இருபது பேப்பரைக் கால் மணி நேரத்தில் முடித்துக் காட்டினார். ஒரு கூட்டல்கூடத் தப்பில்லை. அப்படியென்றால் பிள்ளைகள் எழுதியதைப் படிப்பது எப்போது என்று கேட்டேன். ராணி மிஸ் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "ஒன்ன மாதிரி நானும் மொத வருஷம் படிச்சேன். கண்ணாடி போட்டதுதான் மிச்சம்."

ஸ்ரீமுஷ்ணம் பஸ்

ஆனாலும் தீபாவளிக்கு அப்புறம் வந்த மாதத் தேர்வை நான் பிடிவாதமாகப் படித்தேன். பிரபு என்று ஒரு பையன். அவன் அப்பா பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். 'நூலகத்தின் பயன்கள்' கட்டுரையில் முன்னுரை இருந்தது. தலைப்புகளுக்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு இருந்தது. இரண்டாவது பக்கத்திலிருந்து விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பாக எழுதி, போய்ச் சேர்ந்ததும் திரும்பி வந்திருந்தான். முடிவுரையில் மறுபடி நூலகம். பழைய பேப்பர்களை எடுத்துப் பார்த்தேன். நான் சேர்வதற்கு முன்னால் ஆறாவதிலிருந்தே இந்த பஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் சிவப்பில் டிக். பத்துக்கு எட்டு.

நான் இரண்டு மார்க் போட்டு அவனைக் கூப்பிட்டேன். அழுவான் என்று எதிர்பார்த்தேன். அவன்தான் என்மேல் கோபப்பட்டான். இத்தனை நாள் இல்லாத வழக்கத்தை நான் யாரிடமும் சொல்லாமல் திடீரென்று ஆரம்பித்துவிட்டேனாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான்: "படிப்பீங்கன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும் மிஸ். சொல்லியிருந்தா ஒழுங்கா எழுதியிருப்பேன் இல்ல?"

குறைக்கச் சொன்ன அப்பா

அரையாண்டு முடிந்து பெற்றோர் கூட்டம். மார்க் கூட்டிப் போடச் சொல்லி வருவார்கள், அசையாதே என்று எச்சரித்துத்தான் என்னை உட்கார வைத்தார்கள். நானும் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். நல்லூரில் உரக்கடை வைத்திருக்கும் ஒருவர் மகனோடு வந்தார். பையன் தமிழில் தொண்ணூற்றொன்று, இங்கிலீஷில் நாற்பத்திரண்டு. நன்றாகப் படிக்கிற பையன், நான் படித்துத்தான் போட்ட மார்க் அது. அப்பா ரேங்க் கார்டை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். என்னிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, இதில் ஏதாவது செய்ய முடியுமா என்றார்.

இதற்கு மேல் எங்கே சார் கூட்டுவது என்றேன். அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். கூட்ட இல்லையாம், குறைக்கவாம். இவ்வளவு மார்க் வாங்கினால் பையனுக்குத் தமிழில்தான் தனக்கு மூளை வேலை செய்கிறது என்ற நினைப்பு வந்துவிடுமாம். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் எழுந்திருக்கும்போது ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்: "ஒரு அம்பத்தஞ்சு போட்டு வுடுங்க மிஸ், போதும். அப்பதான் அவனுக்கு பயம் இருக்கும்."

ஃபியூஸ் கேரியர்

முழுப் பரீட்சை வந்தபோது நான் ஓய்ந்திருந்தேன். மூன்று வகுப்பு, நூற்றிருபது பேப்பர், இரண்டு நாள். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ரிஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டேன். சுகன்யா காலாண்டில் முப்பத்துநாலு, அரையாண்டில் முப்பத்துமூன்று. அவள் பேப்பரின் மேலே முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டுத்தான் உள்ளே திறந்தேன். மற்றக் கேள்விகளில் முப்பத்தொன்று சேர்ந்துவிட்டது. கட்டுரைக்கு ஒன்று பாக்கி. ஒன்று போட்டேன். 'ஏதேனும் ஒரு பொருள் தன் வரலாறு கூறுவதாக எழுதுக' என்பது கேள்வி. நோட்ஸில் இருந்தது மரம். மூன்று பக்கத்தைப் புரட்டினேன், மரம் என்ற வார்த்தை கண்ணில் படவில்லை, எனக்கு மனசாட்சியும் உறுத்தவில்லை.

அவள் எழுதியிருந்தது மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியரைப் பற்றி. எங்கள் ஊரில் அது தயாராகாத தெரு குறைவு. 'நான் ஒரு ஃபியூஸ் கேரியர். நான் இருக்கும் வரை என்னை யாரும் பார்ப்பதில்லை. கரண்ட் போனால் மட்டும் எல்லோரும் என் முகத்தில் டார்ச் அடிப்பார்கள்' என்று ஆரம்பித்திருந்தாள். இதை நான் எப்போது படித்தேன் என்றால், பேப்பரைத் திருப்பிக் கொடுத்து மூன்றாம் நாள், ஆபீஸில் அவளுக்கு டி.சி. எழுத ஆரம்பித்த பிறகு. பேப்பர் கொடுத்த அன்று வாங்கிப் பார்த்துவிட்டு அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து ஒரே ஒரு விஷயம் கேட்டாள்: "இதுக்கு ஒரு மார்க்கு எதுக்கு மிஸ் குடுத்தீங்க? புடிச்சிருந்துதா?"

விரிசல்

மறுநாள் அவள் அம்மா வந்தார். அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு நேரே கம்பெனியிலிருந்து வந்திருந்தார் போலிருக்கிறது. புடவை ஓரமெல்லாம் வெள்ளை மண். பேப்பரை என் மேஜைமேல் வைத்து, "இதத் திருத்துனது நீயா பாப்பா?" என்றார். "எம்மா, மிஸ்ஸுன்னு கூப்புடு" என்று பின்னாலிருந்து சுகன்யா பல்லைக் கடித்தாள். "சரி, மிஸ்ஸு. திருத்துனது நீங்களா?" என்று மாற்றிக் கேட்டார். நான்தான் என்றேன்.

"நான் செக்கிங்ல இருக்கறேன். ஒவ்வொரு கேரியரையும் தட்டிப் பாத்து, சத்தம் சரியில்லன்னா ஒதுக்கறதுதான் வேல. ஆனா சும்மா ஒதுக்க முடியாது மிஸ்ஸு. விரிசல் எங்க இருக்குதோ அதச் சுத்திப் பென்சில்ல வட்டம் போட்டுத்தான் ஒதுக்கணும். இல்லன்னா செஞ்சவங்க என்ன வுடமாட்டாங்க, 'எங்கக்கா விரிசல், காட்டு'ன்னு வந்து நிப்பாங்க. எம்பொண்ணு மூணு பக்கம் எழுதியிருக்கா. ஒம்போது மார்க்க ஒதுக்கியிருக்கீங்க. நான் ராத்திரி முழுக்கப் பாத்துட்டேன், ஒரு வட்டம் கூட இல்ல. எங்கன்னு நீங்க காட்டுங்க."

நான் பேப்பரை வாங்கினேன். அவர் சொன்னது சரி. மூன்று பக்கமும் சுத்தமாக இருந்தது. கடைசியில் ஒரு சிவப்பு 1, அவ்வளவுதான். நோட்ஸில் மரம்தான் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அந்த அம்மா என்னைப் பார்க்கப் போகும் பார்வை முன்கூட்டியே தெரிந்ததால் மூடிக்கொண்டேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்து, மகளை ஒரு முறை முறைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கேரியருக்கு ஒரு தடவதான் சூள. இவ ரெண்டு தடவன்னு எழுதி வச்சிருக்கா. இதுக்கு வட்டம் போட்டிருந்தீங்கன்னா நான் வாயத் தொறக்காம டி.சி. வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன் மிஸ்ஸு."

முப்பத்தைந்தும் முப்பத்தாறும்

டி.சி.யில் எச்.எம். கையெழுத்து விழ இரண்டு நாள் இருந்தது. எட்டாம் வகுப்புக் கட்டு முழுவதையும் பிள்ளைகளிடமிருந்து திரும்ப வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். நாற்பத்தொரு பேப்பரையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். மார்க் குறைத்த இடத்திலெல்லாம் பென்சிலில் வட்டம் போட்டேன். சுகன்யாவுக்குக் கட்டுரையில் ஏழு வந்தது. ஆனால் மனப்பாடப் பாட்டில் அவள் இரண்டு வரியை விழுங்கியிருந்தாள், நான் முதலில் அதற்கும் டிக் போட்டிருந்தேன். அங்கே இரண்டு போயிற்று. ஆக மொத்தம் முப்பத்தாறு. அவள் பாஸ்.

எனக்கு மூச்சு வந்தது. மற்றப் பேப்பர்களைக் கூட்டியபோது போய்விட்டது. நான் பாஸ் போட்டிருந்த பதினோரு பேர் முப்பத்தைந்துக்குக் கீழே விழுந்திருந்தார்கள். ஐம்பத்தெட்டு வாங்கிய கிளாஸ் லீடர் மூன்று பெரிய கேள்விக்கும் ஒரே விடையை மூன்று முறை எழுதியிருந்தான். மூன்றுக்கும் நான் டிக் போட்டிருந்தேன். என் கையெழுத்துதான், வேறு யார்மேலும் பழி போட முடியாது. ஒரு பெண்ணுக்கு நியாயம் செய்யப் போனால் பதினோரு பேருக்கு டி.சி. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? யாரும் படிக்காத பேப்பரை யாரும் படிக்காத மாதிரிதானே எழுதினார்கள்.

மொத்தக் கட்டையும் எச்.எம். மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். ரிஜிஸ்டரைப் பார்த்து எண் போட்டதையும் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்த ராணி மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேடம் நான் பதினோரு பெயரையும் எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்து, மடித்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ரிஜிஸ்டரை எடுத்து சுகன்யா பெயருக்கு நேரே முப்பத்திரண்டை அடித்து முப்பத்தைந்து என்று எழுதினார். கிளார்க்கைக் கூப்பிட்டு அந்த டி.சி.யைக் கிழிக்கச் சொன்னார். முப்பத்தாறு மேடம் என்றேன் நான். அவர் நிமிர்ந்து பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: "முப்பத்தஞ்சுன்னா எரக்கப்பட்டுப் போட்டோம்னு அர்த்தம், யாரும் கேக்கமாட்டாங்க. முப்பத்தாறுன்னா திரும்பத் திருத்துனோம்னு அர்த்தம், எல்லாரும் வந்து கேப்பாங்க. எது வேணும் ஒனக்கு?"

கார்டு கொடுத்த நாள்

சண்டை போட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. போடவில்லை. திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். பதினோரு பேரும் எதுவும் தெரியாமல் ஒன்பதாவதுக்குப் போனார்கள். அந்த நிம்மதியும் எனக்கு இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அடுத்த ஜூனுக்கு வேறு மிஸ் பார்த்திருப்பதாகக் கிளார்க் அண்ணன்தான் வந்து சொன்னார்.

சுகன்யாவைத் தனியாகக் கூப்பிட்டு வட்டம் போட்ட பேப்பரைக் கொடுத்தேன். நின்றபடியே எல்லா வட்டத்தையும் படித்தாள். ஒரு இடத்தில், டார்ச் அடிப்பதை இரண்டு முறை சொல்லியிருப்பதற்குப் போட்ட வட்டத்துக்கு, கரண்டும் இரண்டு முறை போகிறதே மிஸ் என்று வாதாடினாள். மற்றதை எல்லாம் ஒப்புக்கொண்டாள். சூளை வட்டத்தைப் பார்த்து, இது எங்கம்மா போட்டதுதானே என்று சிரித்தாள். ஒன்பதாவது போகிறோம் என்ற சந்தோஷம் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. அப்புறம் பேப்பரையும் ரேங்க் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "இதுல முப்பத்தாறுன்னு இருக்குது, கார்டுல முப்பத்தஞ்சுன்னு இருக்குது" என்றாள். "அந்த ஒரு மார்க்கு, நான் எந்த எடத்துல தப்புப் பண்ணதுக்கு மிஸ்?"

இனி வேறு பள்ளியில் வேலை கேட்டுப் போனால் என் அனுபவத்தைக் கூசாமல் இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும்: பேப்பர் திருத்தியது பத்து மாதம், வட்டம் போட்டுப் படித்தது இரண்டு நாள்.